கட்டைவிரல் போதும்: வெஸ் மாண்ட்காமரி வழியில் கிட்டார் வாசிக்க

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிற சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். கோவில் பஜனைக்கு வாசிக்க வேண்டும் என்று வருகிறவர்கள் பாதிப் பேர், ராக் வாசிக்க வருகிறவர்கள் மீதிப் பேர். யாராக இருந்தாலும் ஒரு கட்டத்தில் ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மாண்ட்காமரியைப் போட்டுக் காட்டிவிடுவேன். "அக்கா, இவர் என்ன பிக் வச்சிருக்கார்?" என்று உடனே கேட்பார்கள். கம்பியை மீட்டுகிற சின்னத் தகடுதான் பிக். இவரிடம் அது கிடையாது. வலது கைக் கட்டைவிரலின் சதைதான். அந்த வட்டமான, சூடான ஓசை அங்கிருந்துதான் வருகிறது. அதைக் கேட்டு மயங்கி, எனக்கும் அப்படி வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாலைந்து கார்டு (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கிற பிடி) பிடிக்கத் தெரிந்து, ஒரு ஸ்கேலை மேலும் கீழும் வாசிக்க முடிந்தால் போதும், தொடங்கிவிடலாம்.

அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1923-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் பிறந்தவர். ஆறு கம்பிக் கிட்டாரை மும்முரமாக எடுத்தது 20 வயது வாக்கில்தான், ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்ட பிறகு. இசைக் குறியீடு படிக்கத் தெரியாது. கிறிஸ்டியனின் சோலோக்களை, அதாவது தனி வாசிப்புகளை, காதால் கேட்டு ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தார். வீட்டில் பிக்கால் வாசித்தால் சத்தம் அதிகம், அக்கம்பக்கத்தார் குறைப்படுகிறார்கள் என்று கட்டைவிரலுக்கு மாறியதாகச் சொல்வார்கள். பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப்பில் வாசிப்பு, அது முடிந்ததும் விடியும்வரை இன்னொரு கிளப். 1959-ல் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி அவர் வாசிப்பைக் கேட்டு அசந்துபோய் ரிவர்சைட் இசைத்தட்டு நிறுவனத்துக்குச் சொன்னார். அதற்கப்புறம்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 1968-ல் மாரடைப்பு வந்து போய்விட்டார். 45 வயது.

இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர் இருக்கிற சாட்ஸ்வொர்த் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கட்டைவிரல் கதை உடனே புரியும். ராத்திரி பத்து மணிக்கு மேல் வாசிக்கிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்கிற காரணமும் அதுதான்.

முதலில் காது

கிட்டாரைத் தொடுவதற்கு முன் கேளுங்கள். 1960 ஜனவரியில் பதிவான 'தி இன்கிரெடிபிள் ஜாஸ் கிட்டார்' ஆல்பத்தில் தொடங்குங்கள். பியானோவில் டாமி ஃப்ளனகன், பாஸில் பெர்சி ஹீத், டிரம்ஸில் பெர்சியின் தம்பி ஆல்பர்ட் ஹீத். முதல் பாட்டு 'ஏர்ஜின்' மிக வேகம். அதைக் கேட்டுவிட்டு, நமக்கு எங்கே வரப்போகிறது என்று கிட்டாரை மூடி வைத்தவர்கள் உண்டு. அதைத் தள்ளிவைத்துவிட்டு 'டி நேச்சுரல் புளூஸ்' போடுங்கள். நிதானமான 12 பார் புளூஸ், அதாவது ஒரு சுற்றுக்கு 12 தாள அளவு. அவசரம் எதுவும் இல்லை, அவர் சொல்வது ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழும்.

கேட்கும்போது மூன்று கட்டங்களைத் தேடுங்கள். அவருடைய சோலோ பெரும்பாலும் ஒற்றை ஸ்வரங்களில் ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் போனதும் ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்தாயியில் சேர்ந்து ஒலிக்கும், அதுதான் ஆக்டேவ். கடைசியில் மெட்டை அப்படியே கார்டுகளாக வாசிப்பார். கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும். பல்லவியின் ஒரு வரியை எடுத்து முதல் சங்கதியை நேராகப் பாடி, அடுத்ததில் ஒரு பிடி கூட்டி, அதற்கடுத்ததில் மேல் ஸ்தாயியைத் தொட்டு வருவார்கள் இல்லையா, அந்தப் பொறுமை இவரிடமும் உண்டு. கையிலிருப்பதை முதல் நிமிடத்திலேயே கொட்டிவிட மாட்டார். அவரை நான் இவ்வளவு கொண்டாடுவதற்கு முதல் காரணம் இந்தப் பொறுமை. வேகமாக வாசிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஐந்து நிமிட சோலோவை ஒரே பேச்சாகக் கொண்டுபோய் முடிக்கிறவர்கள் சொற்பம்.

அதே ஆல்பத்தில் 'இன் யுவர் ஓன் ஸ்வீட் வே' இருக்கிறது. ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் எழுதியது. டர்பன்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சந்தோஷம் உண்டு. அவருடைய மகன் டேரியஸ் புரூபெக்தான் 1983-ல் இங்கே வந்து நேட்டால் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் படிப்பைத் தொடங்கினார். ஜாஸுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற பெரியவர்களுக்கு நான் இன்னொரு பெயரையும் சொல்வேன்: லயனல் பிள்ளை. டர்பனில் பிறந்த பியானோ கலைஞர். பிள்ளை என்ற பெயரோடு தென்னாப்பிரிக்க ஜாஸ் இசைத்தட்டுகளில் இருப்பவர்.

அடுத்து 1962-ல் கலிஃபோர்னியாவில் பதிவான 'ஃபுல் ஹவுஸ்', பிறகு 1965-ல் பியானோ கலைஞர் விண்டன் கெல்லியின் குழுவோடு வாசித்த 'ஸ்மோகின் அட் தி ஹாஃப் நோட்'. இரண்டாவதில் 'இஃப் யூ குட் சீ மீ நவ்' பாட்டின் சோலோவை கிட்டார் கலைஞர் பேட் மெத்தீனி தலைமேல் வைத்துக் கொண்டாடுவார். கேட்டால் ஏன் என்று தெரியும். ஆர்க்கெஸ்ட்ராவோடு வந்த பிந்தைய ஆல்பங்களைக் குறைவாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றில் சோலோ குறுகிவிட்டது உண்மைதான். ஆனால் ஆக்டேவ் பழகுகிறவருக்கு அவை நல்ல பாடம். மெட்டு முழுவதையும் ஆக்டேவிலேயே தெளிவாக வாசித்திருப்பார்.

1965-ல் ஐரோப்பாவில் சுற்றியபோது எடுத்த தொலைக்காட்சிப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. கையை மட்டும் பார்ப்பதற்காக ஒருமுறை, முகத்தைப் பார்ப்பதற்காக ஒருமுறை பாருங்கள். அவ்வளவு கடினமானதை வாசிக்கும்போது பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.

கிட்டாரும் கம்பியும்

அவர் வாசித்தது கிப்சன் எல்-5. நம்மில் யாருக்கும் அது கைக்கு எட்டுகிற விலை இல்லை, அது இல்லாமலும் நடக்கும். பிக்கப் (கம்பியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்புகிற பாகம்) இருக்கிற எந்த எலெக்ட்ரிக் கிட்டாரும் சரிப்படும். கழுத்துப் பக்கத்து பிக்கப்பை மட்டும் வையுங்கள். டோன் நாபைப் பாதிவரை குறையுங்கள். பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் ஓசை போர்வைக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும், சொல் புரியாது. ஆம்பில் எஃபெக்ட் எதுவும் வேண்டாம்.

கம்பி முக்கியம். அவர் தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள், அதாவது மேலே வழவழப்பாக இருக்கிற கம்பிகள், போட்டிருந்தார். மெல்லிய 9 செட்டில் (எண் கூடினால் கம்பி தடிக்கும்) கட்டைவிரல் வைத்தால் கம்பி வழுக்கி ஓடும், விரலுக்குப் பிடிமானம் கிடைக்காது. 11 அல்லது 12 ஃப்ளாட்வவுண்ட் செட் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் நம் ஊர் உப்புக் காற்றுக்கு அதுதான் நீண்ட நாள் தாங்கும். டர்பன் கோடையில் சாதாரணக் கம்பி சீக்கிரமே சொரசொரப்பாகிவிடுகிறது, கட்டைவிரல் அதில் உரசினால் தோல் போகும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். தடித்த கம்பி மாட்டியதும் கழுத்து வளையலாம். கடையில் கொடுத்து ஒருமுறை செட்டப் செய்துகொள்வது நல்லது.

கட்டைவிரல்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். நிறையப் பேர் இதைத் தாண்டி நேராக ஆக்டேவுக்கு ஓடுகிறார்கள். ஆக்டேவ் கண்ணுக்குக் கவர்ச்சி, காதுக்கும் உடனே பிடிக்கும். ஆனால் ஒற்றை ஸ்வரத்தில் ஓசை வராத கட்டைவிரலுக்கு இரண்டு ஸ்வரத்திலும் வராது. என் மாணவர்களிடம் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் இது.

வலது கையின் மற்ற நான்கு விரல்களையும் விரித்து, முதல் கம்பிக்கு, அதாவது மிக மெல்லிய கம்பிக்கு, கீழே பிக்கார்டின் (கிட்டாரின் உடம்பைக் காக்கிற தகடு) மேலோ கிட்டாரின் உடம்பின் மேலோ லேசாக ஊன்றுங்கள். அழுத்த வேண்டாம், கை ஓரிடத்தில் நிற்க ஒரு துணை, அவ்வளவுதான். கட்டைவிரல் கழுத்து முடிகிற இடத்துக்கு அருகில் இருக்கட்டும். பாலத்தை (கம்பிகள் உடம்பில் தங்குகிற பாகம்) நோக்கிப் போகப்போக ஓசை ஒல்லியாகும். நகம் கம்பியில் படக் கூடாது. நகத்துக்குப் பக்கவாட்டில், விரல் நுனியின் ஓரத்துச் சதை படவேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

மூன்றாம் கம்பியைக் கீழ்நோக்கித் தள்ளுங்கள். விரல் கம்பியைக் கடந்து இரண்டாம் கம்பியின் மேல் போய் உட்கார வேண்டும். காற்றில் சுண்டி எடுத்தால் ஓசை மெலிந்துவிடும். அடுத்த கம்பியில் போய் நிற்கும்போதுதான் கனம் வருகிறது. முதல் கம்பிக்கு மட்டும் நிற்க இடமில்லை. அங்கே விரல் உள்ளே போகாமல், மற்ற கம்பிகளில் வந்த அதே கனம் வருகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். முதல் கம்பி எல்லாருக்கும் கொஞ்சம் கூர்மையாகத்தான் ஆரம்பிக்கும்.

இந்த ஊரில் கட்டைவிரல் கிட்டார் புதிதில்லை. மஸ்கண்டி என்கிற நாட்டுப்புற இசை வாசிக்கிற ஜூலு கலைஞர்களைக் கவனித்திருப்பீர்கள். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் ஓட, ஆள்காட்டி விரல் மெல்லிய கம்பிகளில் மெட்டைப் பறித்துக்கொண்டிருக்கும். வெஸ் அந்த ஆள்காட்டி விரலையும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் கட்டைவிரலுக்கே கொடுத்துவிட்டார். ஒற்றை ஸ்வரங்களுக்குப் பெரும்பாலும் கீழ்நோக்கிய மீட்டல்தான். ஆக்டேவும் கார்டும் வரும்போது மேலும் கீழும் போவார்.

அப்படியென்றால் வேகம் எப்படி வரும்? பாதி வேலையை இடது கை செய்கிறது. ஜி மைனர் பென்டடானிக் என்கிற ஐந்து ஸ்வர ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் ஃப்ரெட்டை, அதாவது கழுத்தின் குறுக்கே இருக்கிற உலோகப் பட்டைகளை, குறிக்கும். ஆறாம் கம்பியில் 3, 6. ஐந்தில் 3, 5. நான்கில் 3, 5. மூன்றில் 3, 5. இரண்டில் 3, 6. முதலில் 3, 6. ஒவ்வொரு கம்பியிலும் முதல் ஸ்வரத்தைக் கட்டைவிரலால் மீட்டி, இரண்டாவதை இடது கை விரலால் தட்டியே ஒலிக்கச் செய்யுங்கள். இறங்கும்போது மேல் ஸ்வரத்தை மீட்டிவிட்டு, விரலை இழுத்துக் கீழ் ஸ்வரத்தை எடுங்கள். இப்போது கட்டைவிரல் ஒருமுறை அசைந்தால் இரண்டு ஸ்வரம் கிடைக்கிறது. மீட்டிய ஸ்வரத்துக்கும் தட்டிய ஸ்வரத்துக்கும் இருக்கிற ஓசை வித்தியாசம்தான் அவர் வாசிப்பைப் பேச்சுபோல் ஆக்குகிறது. அதைச் சமமாக்க முயலாதீர்கள்.

மெட்ரோனோமை (தாளம் தட்டுகிற கருவி) 50-ல் வைத்து, ஒவ்வொரு தட்டையும் பாரின் 2, 4 எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மூன்றை நீங்களே மனதில் போட வேண்டும். ஆரம்பத்தில் தலை சுற்றும். சரியாக உட்கார்ந்ததும் உங்கள் வாசிப்பில் ஸ்விங் தானாக வந்திருக்கும்.

தோல் பற்றி ஒரு எச்சரிக்கை. முதல் சில வாரங்களில் விரல் ஓரம் சூடாகும். சூடு தெரிந்தவுடன் நிறுத்துங்கள். கொப்புளம் வந்தால் ஆறும்வரை தொடாதீர்கள். வெஸ்ஸின் கட்டைவிரலில் காய்த்துப்போன ஒரு தடிப்பு இருந்ததாகச் சொல்வார்கள். அது வருஷக்கணக்கில் வந்தது. ஒரே மாதத்தில் வரவழைக்கப் பார்த்தால் விரல்தான் கெடும்.

கரண்ட் போகிற நேரத்தை வீணாக்காதீர்கள். போனதும் ஆம்ப் இல்லாமல் வெறும் கிட்டாரில் வாசியுங்கள். ஆம்ப் மறைத்துவிடுகிற குறைகள் எல்லாம் அப்போது வெளியே வரும். எந்த ஸ்வரம் சத்தாக இருக்கிறது, எது காற்றாக இருக்கிறது என்று இருட்டில் நன்றாகவே தெரியும்.

ஆக்டேவ்

கட்டைவிரலில் ஓசை வந்துவிட்டதா? சரி, இப்போது ஆக்டேவ்.

ஆறாம் கம்பி 3-ல் ஆள்காட்டி விரல், நான்காம் கம்பி 5-ல் மோதிர விரல். இரண்டும் ஜி. ஐந்தாம் கம்பிக்கும் மூன்றாம் கம்பிக்கும் இதே அமைப்பு, இரண்டு ஃப்ரெட் இடைவெளி. நான்கு-இரண்டு, மூன்று-ஒன்று கம்பிகளுக்குப் போனால் இடைவெளி மூன்று ஃப்ரெட் ஆகும். அங்கே ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும். என் கை சின்னது, இந்த நீட்டல் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேல்தான் வசதி. சின்னக் கைக்காரர்கள் அங்கேயே பழகிவிட்டுப் பிறகு கீழே இறங்குங்கள்.

நடுவில் இருக்கிற கம்பி ஒலிக்கக் கூடாது. ஆள்காட்டி விரலைச் செங்குத்தாக நிறுத்தாமல் கொஞ்சம் படுக்கவையுங்கள். அதன் சதை நடுக் கம்பியைத் தொட்டு அமர்த்தும். நுனி மேலே இருக்கிற தடித்த கம்பியையும் தொட்டு அடக்கட்டும். இப்போது கட்டைவிரலால் மூன்று கம்பிகளையும் சேர்த்து ஒரே வீச்சில் மீட்டுங்கள். இரண்டு ஸ்வரம் கணீரென்றும், நடுவில் 'டக்' என்று ஒரு மெல்லிய அடியும் கேட்க வேண்டும். கட்டைவிரலும் இன்னொரு விரலுமாக இரண்டு கம்பியை மட்டும் பறித்தால் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த 'டக்' போய்விடும். எனக்கு அந்த 'டக்' இல்லாமல் வெஸ் இல்லை.

ஜி மைனரில் ஏறிப் பாருங்கள். ஆறு-நான்கில் 3-5, 6-8. ஐந்து-மூன்றில் 3-5, 5-7. அதன்பின் நான்கு-இரண்டில் 3-6, 5-8. ஐந்து-மூன்றிலிருந்து நான்கு-இரண்டுக்குத் தாவுகிற இடத்தில்தான் கை தடுமாறும், ஏனென்றால் அமைப்பும் மாறுகிறது, விரலும் மாறுகிறது. அந்த ஒரு தாவலை மட்டும் தனியாக எடுத்து முன்னும் பின்னும் போட்டுப் பழகுங்கள். கண் ஆள்காட்டி விரலை மட்டும் பார்க்கட்டும், மற்ற விரல் தானாகப் பின்தொடரும்.

அடுத்து உங்களுக்கு வாயில் வருகிற ஒரு மெட்டை எடுங்கள். கோவிலில் பாடுகிற பஜனையோ, அம்மா சமைக்கும்போது பாடுகிற பழைய சினிமாப் பாட்டோ, எதுவானாலும் சரி. முதலில் பாடுங்கள். பாடிக்கொண்டே ஆக்டேவில் வாசியுங்கள். மூச்சு விடுகிற இடத்தில் கையும் நிற்க வேண்டும். ஆக்டேவ் கனமான ஓசை, இடைவெளி இல்லாமல் அடுக்கினால் கேட்கிறவருக்கு மூச்சு முட்டும். முக்கியமான ஸ்வரத்துக்கு ஒரு ஃப்ரெட் கீழேயிருந்து இரண்டு விரலையும் சேர்த்து வழுக்கிக்கொண்டு வந்து சேருங்கள். என்னிடம் படிக்கிற ஒரு பெண் முருகன் பஜனை ஒன்றை இப்படி வாசித்தபோது, வெளியே காத்திருந்த அவள் பாட்டி கதவைத் திறந்துகொண்டு வந்து கூடவே பாடினார்.

கிட்டார் கலைஞர் ஜார்ஜ் பென்சன் ஆக்டேவுக்கு நடுவில் இன்னொரு ஸ்வரத்தைச் சேர்த்து வாசிப்பார். அதுவும் அழகு. ஆனால் இப்போது வேண்டாம்.

கார்டுகள்

மெல்லிய நான்கு கம்பிகள் மட்டும் போதும். நான்காம் கம்பியிலிருந்து முதல் கம்பிவரை வரிசையாக ஃப்ரெட் எண்களைச் சொல்கிறேன். ஜி மைனர் 7: 3-3-3-3. அடுத்து 5-7-6-6. அடுத்து 8-10-8-10. கடைசியாக 12-12-11-13. நான்கும் ஒரே கார்டுதான், ஸ்வரங்கள் மேலும் கீழும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

இவற்றுக்கு நடுவே டிமினிஷ்ட் கார்டுகளைச் செருகுங்கள்: 4-5-4-5, 7-8-7-8, 10-11-10-11. மொத்தமாக ஏறினால் 3-3-3-3, 4-5-4-5, 5-7-6-6, 7-8-7-8, 8-10-8-10, 10-11-10-11, 12-12-11-13. முதல் கம்பியை மட்டும் கேளுங்கள்: ஜி மைனர் ஸ்கேல் முழுதாக ஏறிப்போகும். அந்த ஏழு ஸ்வரத்தில் அமைந்த எந்த மெட்டையும் இனி கார்டாகவே வாசிக்கலாம். மீட்டும்போது கட்டைவிரல் முதல் கம்பியில் போய் முடியட்டும், மெட்டு அங்கேதான் இருக்கிறது. இதைக் கையில் வாங்கிக்கொண்டு 'ஃபோர் ஆன் சிக்ஸ்' கேட்டுப் பாருங்கள். அதுவும் ஜி மைனர்தான், கெர்ஷ்வினின் 'சம்மர்டைம்' கார்டுகளை ஒட்டி எழுதியது.

மூன்றையும் சேர்க்க

ஒரு 12 பார் புளூஸை எடுங்கள். துணைக்கு யாராவது பாஸ் வாசித்தால் நல்லது, இல்லையென்றால் போனில் ஒரு பேக்கிங் டிராக் (துணை இசைப் பதிவு). இரண்டு சுற்று ஒற்றை ஸ்வரம், இரண்டு சுற்று ஆக்டேவ், ஒரு சுற்று கார்டு. முதல் சுற்றில் மூன்று நான்கு ஸ்வரத்தில் ஒரு சின்ன வாக்கியம் அமையுங்கள், அதையே திருப்பிச் சொல்லி, கொஞ்சம் மாற்றிச் சொல்லி நகருங்கள். ஆக்டேவுக்கு மாறும்போது புதிதாக ஒன்றைத் தேடாமல், ஒற்றை ஸ்வரத்தில் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை அப்படியே ஆக்டேவில் சொல்லி நுழையுங்கள். கார்டுக்குப் போகும்போதும் அதேபோல. இப்படிச் செய்தால் மாறுகிற இடத்தில் தையல் தெரியாது.

எல்லாப் பாட்டிலும் மூன்று கட்டமும் வேண்டியதில்லை. மெதுவான பாட்டுக்கு ஒற்றை ஸ்வரமும் கொஞ்சம் கார்டும் போதும். வெஸ்ஸே அப்படி வாசித்திருக்கிறார்.

வாரம் ஒருமுறை போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள், அன்றைக்கே கேட்டால் காது களைத்திருக்கும். அப்புறம் அவர் சோலோக்களில் ஒன்றை, 'டி நேச்சுரல் புளூஸ்' முதல் சுற்றை மட்டும், டேப் (ஃப்ரெட் எண்களாக எழுதிய குறிப்பு) பார்க்காமல் காதால் இறக்குங்கள். இரண்டு பார் கேட்டு, பாடி, பிறகு கிட்டாரில் தேடுங்கள். வேகத்தைக் குறைத்துக் கேட்க இப்போது போனிலேயே வசதி இருக்கிறது. அவர் சார்லி கிறிஸ்டியனிடம் பாடம் படித்ததும் இதே வழியில்தான். முதல் சுற்று முடிந்ததும் ஆலன் க்வேலாவைத் தேடிக் கேளுங்கள். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போய்ப் பேரெடுத்த கிட்டார் கலைஞர், 2003-ல் காலமானார். ஜாஸ் கிட்டார் நம் மண்ணில் எப்படிப் பேசுகிறது என்று அவரிடம் கேட்கலாம். இரண்டாவது சோலோவை அவருடையதிலிருந்து இறக்குங்கள்.